சொல்லிக்கொள்ளாமல் போனவர்

செத்த வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. துக்கம் கேட்க வந்தவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், பிறகு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார். வீட்டுக்காரர்களும் 'வாங்க' என்று வரவேற்பதில்லை, 'போயிட்டு வாங்க' என்று வழியனுப்புவதும் இல்லை. நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அத்தனை பெரிய கம்பெனியில், அத்தனை படித்தவர்களில், ஒருவருக்குமா இது நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

நான் குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் கலையரசி. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுவேன் என்று சொல்லி, பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்த இணையத் தகராறு மன்றத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி 'வீடு' சம்பந்தப்பட்டவை.

'வீடு' என்றால் செங்கல் சிமெண்டு வீடு அல்ல. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, மிளகு அளவுப் பொத்தான் ஒன்று இப்போது எல்லோரிடமும் இருக்கிறதே, அது வழியாக மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் இருக்கிற ஏற்பாடு. பேச்சு மட்டும் அல்ல, பேசுகிறவரின் உடம்பு நிலையும் மனநிலையும் சேர்ந்து வரும். துபாயில் இருக்கிற மகன் சங்கரன்கோவிலில் இருக்கிற அம்மாவின் வீட்டுக்கு 'வந்தால்', அவனுடைய களைப்பு அவளுக்குத் தெரியும். அவன் சிரிப்பதற்கு முன்பே அவளுக்குச் சிரிப்பு வரும். எந்த வேலையில் இருந்தாலும் உடன் ஒருவர் இருப்பதுபோல இருக்கும்.

வேறொரு மாநிலத்தில் இதே ஏற்பாட்டுக்குச் சந்தை என்று பெயர் வைத்தார்களாம். அங்கே ஜனங்கள் வருவார்கள், பேரம் பேசுவதுபோலச் சத்தமாகப் பேசுவார்கள், போய்விடுவார்கள். ஒருவர் போனதை இன்னொருவர் கவனிக்கவே மாட்டார். இங்கே 'வீடு' என்று பெயர் வைத்தார்கள். வைத்த மறுநாளே நம் ஆட்கள் பொத்தானை அழுத்துமுன் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் பால் காய்ச்சினார்கள். ராகுகாலத்தில் யாரும் பதிவு செய்வதில்லை. விளக்கு வைத்த பிறகு பகையாளியைக்கூட வீட்டிலிருந்து அனுப்புவதில்லை. பெயர் ஒன்று போதும், மற்றதையெல்லாம் நாமே கொண்டுவந்து இறக்கிவிடுவோம்.

வெளியேறுவதற்கான கட்டளையையும் கம்பெனிக்காரர்கள் நம் வழக்கத்திலிருந்தே எடுத்தார்கள். வந்தவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். அல்லது வீட்டுக்காரர் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொன்னால் தொடர்பு அறும். விளம்பரத்தில் இதைக் காட்டியபோது எனக்கும் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுகந்தியின் வழக்கு என் மேசைக்கு வந்தது இதனால்தான்.

சுகந்திக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஆவுடையப்பன் சாலை விபத்தில் இறந்துவிட்டார். உறவுக்காரர்கள் பல ஊர்களில் இருந்ததால், நேரில் வர முடியாதவர்கள் பொத்தான் வழியாக அவள் வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, முறைப்படி, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்கள். போனதாக நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருவரும் போகவில்லை. அத்தனை பேரும் அவள் வீட்டிலேயே இருந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் எல்லோரும் நேரில் கூடியபோது விஷயம் வெளிப்பட்டது. ஆவுடையப்பனின் தம்பி நெல்லையப்பனும் அவர் மனைவி ஜெயந்தியும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு வைத்துக்கொண்டே சுகந்தி, "அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்ப முடியல அவளுக்கு" என்று ஜெயந்தியிடம் சொன்னாள். துக்கம் கேட்ட அன்று தன் வீட்டு அடுப்படியில் நின்று, கணவரிடம் ஜெயந்தி சொன்ன அதே வார்த்தைகள். அதே குரல் ஏற்ற இறக்கம். ஜெயந்தி இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

உறவுக்காரர்கள் எல்லோர் சார்பிலும் நெல்லையப்பன் மனு போட்டார். தங்கள் வீட்டுக்குள் நடந்த பேச்சை மதினி ஒட்டுக்கேட்டிருக்கிறார், அதை நிறுத்த வேண்டும், எல்லோரையும் அவர் வீட்டிலிருந்து அறுத்துவிட வேண்டும் என்று.

"அம்மா, இது தொலைபேசி," என்றார் மனுதாரர்களின் வக்கீல். "பேர் என்ன வேணா வச்சிக்கட்டும். கம்பியில்லாத தொலைபேசி. நான் பேசி முடிச்சு வச்சிட்ட பிறகும் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு ஒட்டுக்கேட்கிறது."

கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து இன்பராஜ் என்ற பொறியாளர் வந்திருந்தார். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத முகம்.

"மேடம், இது தொலைபேசி இல்ல. தொலைபேசியில பேசும்போது மட்டும்தான் ரெண்டு பேரும் இருப்பாங்க. இது வீடு. ஒரே வீட்டுல ஆளுக்கொரு அறையில இருக்கோம்ல, அந்த மாதிரி. வந்தவர் கவனம் வேற பக்கம் திரும்பினா வீடு அவருக்கு மறைஞ்சிடும். ஆனா அவர் வீட்டுக்கு மறைய மாட்டார். அவர் சொல்லிட்டுப் போற வரைக்கும் வீட்டுக்காரங்களுக்கு அவர் இருக்கார். இன்னொருத்தர் வீட்டுல உக்காந்து பேசினா அந்த வீட்டுக்காரங்க காதுல விழத்தான் செய்யும். அது அவங்க தப்பு இல்லையே."

"விளையாடுறீங்களா?" என்றேன். "அவங்க பேசினது அவங்க அடுப்படியில."

"உடம்பு அடுப்படியில இருந்தது மேடம்," என்றார் இன்பராஜ். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

புதிதாக ஒன்று பிறந்தால் சட்டம் அதற்குத் தனியாகத் துணி தைப்பதில்லை. அண்ணன் சட்டையைத்தான் மாட்டிவிடும். தொலைபேசிச் சட்டையைப் போட்டால் சுகந்தி குற்றவாளி. வீட்டுச் சட்டையைப் போட்டால் ஜெயந்தி நாகரிகம் தெரியாத விருந்தாளி. இரண்டும் பொருந்தவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அம்மணமாக விட முடியாதே.

நான் நெல்லையப்பனைப் பார்த்தேன். "ஏன் இவ்வளவு வம்பு? இப்பவே நீங்க ஒவ்வொருத்தரும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணன் செத்த வீடும்மா அது. அங்கன நின்னு போயிட்டு வாரேன்னு எப்படிச் சொல்ல? திரும்ப எதுக்கு வாரது, இன்னொரு எழவுக்கா? எனக்கும் பிள்ளைக இருக்கு."

"சரி, நீங்க சொல்லுங்க," என்று சுகந்தியிடம் திரும்பினேன். "போயிட்டு வாங்கன்னு நீங்க சொன்னாலும் போதும்."

சுகந்தி அதுவரை தலை குனிந்தபடி இருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. "துக்கத்துக்கு வந்தவுகளைப் பாத்து எப்படிம்மா சொல்லுவேன்? எனக்கு அந்த வார்த்தை வாய்ல வராது."

ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் அதை வைத்துக்கொண்டு, சொல்ல மாட்டோம் என்று நிற்கிறார்கள். அந்த வார்த்தையைத் தங்களுக்குப் பதிலாக மன்றம் சொல்ல வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் தங்கை இறந்த அன்று நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

"கம்பெனியே இவங்களை மட்டும் நீக்க முடியாதா?" என்று இன்பராஜிடம் கேட்டேன்.

"யார் வீட்டிலிருந்தும் யாரையும் நாங்க வெளியே தள்ள மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம் மேடம். நீங்க இது தொலைபேசிதான்னு உத்தரவு போட்டா, விதியையே மாத்தணும். கொஞ்ச நாள் கவனம் இல்லாம இருக்கிறவங்களைத் தானா அறுக்கிற மாதிரி. அது எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான் மாறும். சொல்லிக்காம போன எல்லாருமே ஒரே வீச்சில போயிடுவாங்க."

அப்போதுதான் சுகந்தி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நிலத்தகராறுன்னா நீதிபதி நேர்ல வந்து இடத்தைப் பாப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். இதையும் வீடு வீடுன்னுதான சொல்லுதாக. வீட்டைப் பாக்காம தீர்ப்பு எழுதலாமா?" என்றாள்.

மனுதாரர்களின் வக்கீல் ஆட்சேபம் தெரிவிக்க எழுந்தார். நான் கையமர்த்தினேன். உண்மையைச் சொன்னால், தொலைபேசி என்று எழுத நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன். எழுத வேண்டிய வாசகம்கூடத் தயாராக இருந்தது. ஆனாலும் இடத்தைப் பார்வையிடுவது பழைய பழக்கம். குடும்பநல நீதிமன்றத்துக்கு வருமுன் நிலவழக்குகள் பார்த்த காலத்தில் எத்தனையோ வரப்புகளில் வெயிலில் நடந்திருக்கிறேன்.

மறுநாள் காலை மன்றத்தின் பின்னறையில் நானும் சுகந்தியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இன்பராஜ் சுவரோரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். மற்றவர்கள் வெளியே கூடத்தில் காத்திருந்தார்கள். நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டேன். கண்ணை மூடினேன்.

நான் பலருடைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கல்யாண வீடு, பிள்ளை பிறந்த வீடு, வம்பு பேசுகிற வீடு. இது வேறு மாதிரி இருந்தது. நிறையப் பேர் இருந்தார்கள், ஒருவர்கூட அந்த வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கவில்லை. யாரோ ஒருவர் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. எங்கோ ஒரு பெண் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் மனது வேறெங்கோ கவலையில் இருந்தது. ஒருவருக்குப் பல்வலி. கூடத்தில் உட்கார்ந்திருந்த நெல்லையப்பனும் இங்கே இருந்தார். அவர் கோபம் என்று நான் நினைத்திருந்தது கோபம் இல்லை, பயம். ஜெயந்தியும் இருந்தாள், அவளிடம் இருந்தது வெட்கம். எனக்கு அவர்கள் இருவர் மேலும் இரக்கம் வந்தது.

இவ்வளவையும் இந்தப் பெண் இரவும் பகலும் சுமந்துகொண்டிருக்கிறாள்.

பிறகு இன்னொன்றை உணர்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் மாறிக்கொண்டே இருந்தார்கள், மனிதர்கள் அப்படித்தான். இது மாறவில்லை. அசையாமல் ஓர் ஓரத்தில் இருந்தது. ஆண். நடுத்தர வயது. மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பசி மட்டும் இருந்தது. காலையில் சாப்பிடாமல் கிளம்பியவனுக்கு வயிற்றைக் கிள்ளுமே, அந்தப் பசி.

நான் கண்ணைத் திறந்தேன். சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதாம்மா?"

"யார் அது?"

கேட்டபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அன்னிக்குக் காலையில ஒரு சின்னச் சண்டை," என்றாள் அவள். "ஒண்ணுமில்லாத விஷயம். எங்க அக்கா மகன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னாக. நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசிட்டேன். தட்டை நகத்தி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. எப்பவும் வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு சொல்லுவாக. அன்னிக்குச் சொல்லல, பொத்தான் தொடர்பு அறாமலே போயிட்டாக. பாலத்துக்கிட்ட லாரி அடிச்சிருச்சு."

இன்பராஜ் மெல்லப் பேசினார். "சிக்னல் இல்லாத இடத்துல ஆள் சட்டுனு காணாமப் போனா வீட்டுல இருக்கிறவங்க பயந்துடுவாங்க மேடம். அதனால கடைசியா வந்த நிலையை அப்படியே பிடிச்சு வச்சிருக்கும். திரும்ப வர்ற வரைக்கும்." நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அவர் பொத்தான் உடைஞ்சுபோச்சு. சொல்லிட்டும் போகல. அதனால…"

"அதனால அவர் வீட்டுல இருக்கார்."

"இல்ல மேடம். இருக்கார்னு சொல்லக் கூடாது. அது கடைசியா எடுத்த அளவு, அவ்வளவுதான். அக்கா, தப்பா நினைக்காதீங்க. நின்னுபோன கடிகாரம் ஒரு மணியைக் காட்டிக்கிட்டே இருக்குமில்ல, அந்த மாதிரி நினைச்சுக்கோங்க."

சுகந்தி அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"முதல்லயே கடிகாரம்னு சொல்லிக் குடுத்திருந்தீகன்னா அப்படியே நினைச்சிருப்பேன் தம்பி. நீங்க வீடுன்னுல்ல சொன்னீக. என் வீட்டுல ஒரு மனுசன் பசியோட உக்காந்திருக்காரு. நான் எப்படிக் கடிகாரம்னு நினைக்க?"

இதுபோல எத்தனை வீடுகள் இருக்கும் என்று இன்பராஜிடம் கேட்டேன். எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சும்மா எனக்கு," என்றாள் சுகந்தி. "முதல்ல பயந்துபோய் உக்காந்திருந்தேன், எம்மேல கோவமா போயிருப்பாகளேன்னு. கோவத்தைத் தேடித் தேடிப் பாத்தேன். துளிகூட இல்ல. பாலத்துக்குப் போறதுக்குள்ள மறந்துட்டாக. பசி மட்டும்தான் இருக்கு. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பாக." அவள் குரல் உடைந்தது. "சமைச்சு வைக்கேன். படைக்கேன். அடங்க மாட்டேங்குது. அவுக அப்படி உக்காந்திருக்கையில நான் எப்படிம்மா திங்க?"

அவள் கழுத்தெலும்பை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

அவரை அனுப்பிவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். குடும்பநல நீதிமன்றத்தில் எத்தனை பேருக்கு எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன், விட்டுவிடுங்கள், அவரவர் வழியில் போங்கள் என்று. இவளிடம் சொல்ல முடியவில்லை. அந்தப் பசி அவளைக் கொன்றுகொண்டிருந்தது. தன் மேல் கோபம் இல்லாமல் அவர் போனார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சியும் அதுதான். நான் தொலைபேசி என்று ஒரு வரி எழுதினால் இரண்டும் போய்விடும்.

"சுகந்தி, நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க," என்றேன். "அவங்க கேக்கிறது தங்களை அறுத்துவிடணும்னு. அதை நான் செய்யப் போனா விதி மாறும். விதி மாறினா உங்க வீட்டுக்காரரும் போயிடுவார். ஆனா அவங்களை நீங்களே அனுப்பிட்டீங்கன்னா மனுவுக்கு வேலை இல்ல. நான் எதுவும் எழுத வேண்டியதில்ல."

"அந்த வார்த்தையைச் சொல்லணும்."

"ஆமா."

"அது கெட்ட சகுனம்மா. வந்தவுகளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது."

"தெரியும்."

வெளியே கூடத்தில் யாரோ இருமினார்கள். எனக்கு வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. கடைசியில் அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். நானும் எழுந்து அவள் பின்னால் போனேன்.

கூடத்தில் நெல்லையப்பனும் ஜெயந்தியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி அவர்கள் முன்னால் போய் நின்றாள். அவர்கள் சண்டைக்குத் தயாராவதுபோல எழுந்தார்கள்.

"தம்பி," என்றாள் சுகந்தி. "உங்க அண்ணன் துக்கத்துல வந்து கலந்துக்கிட்டீக. நல்லது. போயிட்டு வாங்க."

நெல்லையப்பன் அடி வாங்கியவர்போல ஓர் அடி பின்னால் போனார். "மதினி, என்ன வார்த்தை சொல்லுதீக!"

"நான் சொல்லாட்டி வேற யாரோ சொல்லுவாக. அதுக்கு நானே சொல்லுதேன்." பிறகு ஜெயந்தியைப் பார்த்தாள். ஜெயந்தி அழ ஆரம்பித்திருந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தெரியாம பேசிட்டேன்."

"நீ பேசினது உள்ளதுதான் ஜெயந்தி. ஒரு வாய் போட்டு அனுப்பியிருக்கணும். அதுக்காக உன்னைப் பிடிச்சு வைக்கல." சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எம்மேல பாவமா இருந்துச்சு. அதுவும் வந்து சேர்ந்துச்சு. போயிட்டு வா."

ஜெயந்தி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். மற்றவர்கள் ஊர்களில் இருந்தார்கள். சுகந்தி அங்கேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அனுப்பினாள். பெரியப்பா, போயிட்டு வாங்க. சித்தி, போயிட்டு வாங்க. பேருந்துக்கு ஓடியவரையும், பல்வலிக்காரரையும், கதை சொன்ன பெண்ணையும் அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவள் உதடு நடுங்கியது. அந்தக் கூடத்தில் இருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனு திரும்பப் பெறப்பட்டது. வக்கீலுக்கு ஏமாற்றம். இது வீடா தொலைபேசியா என்ற கேள்வியைத் தீர்த்துவைத்த வழக்கு என்று பின்னால் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருந்தார். இன்பராஜ் என்னிடம் வந்து, சென்னைக்குப் போனதும் அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சுகந்தி எல்லோருக்கும் முன்பே பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

மன்றத்துக்கு எதிரே ஒரு மெஸ் இருக்கிறது. மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவேன். மனது பாரமாக இருந்தாலும் வயிறு கேட்கவில்லை. சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் நன்றாக இருந்தன. சாப்பாடு முடிகிற நேரத்தில் கைபேசியில் அழைப்பு வந்தது. சுகந்தி.

"அம்மா, சாப்பிடுதீகளா?"

"ஆமா. ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இப்பத்தான் வந்தேன்." அவள் தயங்கினாள். "அம்மா, நீங்க இன்னும் போகல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். காலையில் அவள் வீட்டைப் பார்த்தேன். கண்ணைத் திறந்தேன். எழுந்து அவள் பின்னால் நடந்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாவு வீட்டில் யார் சொல்வார்கள்?

"எல்லாரையும் அனுப்பினீங்களே, என்னை ஏன் அனுப்பல?"

"அப்பவே தெரியும்மா. நீங்க எங்க வீட்டுக்கு நாயம் பாக்க வந்தவுக, உங்களை எப்படிப் போகச் சொல்ல?" அவள் மூச்சு கேட்டது. "வீடு வெறிச்சுன்னு ஆயிருச்சும்மா. நீங்களும் அவுகளும்தான் இருக்கீக. இப்பக் கொஞ்ச நேரமா வீட்டுல பசி அமந்துக்கிட்டு வருது. நீங்க சாப்பிடுததுதான், எனக்குத் தெரியும். ஆனா யாரு பசி அமருதுன்னு நான் பிரிச்சுப் பாக்கல. நானும் ஒரு தட்டுல கொஞ்சம் சோறு போட்டு எடுத்தாந்து உக்காந்திருக்கேன். ரெண்டு வாய் இறங்கிருச்சு."

நான் இலையில் இருந்த கவளத்தைப் பார்த்தேன்.

"நீங்க இப்படி இருக்கக் கூடாதுன்னு தெரியும்மா. சொல்லிட்டுக் கிளம்பிருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவள் சொன்னது சரி. வழக்குக்கு வந்தவள் வீட்டில் நீதிபதி உட்கார்ந்திருக்கக் கூடாது. மனு முடிந்துவிட்டது என்பதெல்லாம் சாக்கு. இந்த உட்கார்ந்திருத்தலுக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை. பொத்தானில் கை வைத்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவள் தட்டில் இன்னும் எவ்வளவு சோறு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"சாப்பிட்டு முடிச்சிட்டுச் சொல்றேன் சுகந்தி," என்றேன். "நீங்களும் சாப்பிடுங்க."

எனக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டு ரசம் ஊற்றச் சொன்னேன்.